டைட்டில் நைன் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: ஆண், பெண் அணிகளுக்குச் சமமாகச் செலவழிக்க வேண்டும் என்பதுதானே சட்டம்?

பதில்: இல்லை. 1972இல் வந்த டைட்டில் நைன் என்ற அமெரிக்கச் சட்டத்தின் பிரதான வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. அமெரிக்க அரசின் நிதி வாங்கும் கல்வி நிறுவனம் பாலினப் பாகுபாடு காட்டக்கூடாது, அவ்வளவுதான். விளையாட்டுக்கான அளவுகோல் 1979இல் வந்தது. மாணவர் விகிதத்துக்கு ஏற்ற ஆடும் வாய்ப்பு, அல்லது பின்தங்கிய பாலினத்துக்கு வாய்ப்பைத் தொடர்ந்து பெருக்கிய வரலாறு, அல்லது அவர்களின் ஆர்வமும் திறனும் முழுதாக நிறைவேறிய நிலை. மூன்றில் ஒன்று போதும். உதவித்தொகைக்குத் தனிக் கணக்கு. கல்லூரி காட்டும் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள்: ஒரே ஓட்டப் பெண்ணை கிராஸ் கன்ட்ரி, உள்ளரங்கத் தடகளம், வெளியரங்கத் தடகளம் என்று மூன்று பேராக எண்ணலாம்.

கேள்வி: சம்பாதிக்கும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு விலக்கு உண்டா?

பதில்: கிடையாது. 1974இல் செனட்டர் ஜான் டவர் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை.

கேள்வி: எங்கள் ஆண்கள் மல்யுத்த அணியை இந்தச் சட்டம்தானே ஒழித்தது?

பதில்: எந்த அணியையும் கலைக்கச் சட்டம் சொல்லவில்லை. கலைத்தது நிர்வாகம், பழி மட்டும் பெண்கள் மேல்.

கேள்வி: அதே மல்யுத்தக்காரன்தான். ஃபுட்பாலுக்கு ஆள் வேண்டாமா?

பதில்: வேண்டும். ஆனால் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிக்கே 53 பேர் போதும்போது, கல்லூரிக்கு 105 வரை இடம் எதற்கு? உங்கள் மல்யுத்த இடங்களை அங்கே தேடுங்கள்.

கேள்வி: ஹவுஸ் வழக்குப் பணத்தில் பெண்களுக்குப் பங்கு உண்டா?

பதில்: நல்ல கேள்வி. கல்லூரி வீரர்கள் வருமானத்தில் பங்கு கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்ததால், 2025-26இல் ஒரு கல்லூரி சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாக வீரர்களுக்குத் தரலாம். எப்படிப் பிரிப்பது என்று உடன்பாடு சொல்லவில்லை. டைட்டில் நைன் இதற்கும் பொருந்தும் என்று அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கக் கல்வித் துறை சொன்னது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அதை விலக்கிக்கொண்டது. விலகியது விளக்கம்தான், சட்டம் அல்ல. கல்லூரியே தரும் பணம் எனக்கு உதவித்தொகைபோலத்தான் தெரிகிறது.

கேள்வி: ஃபுட்பால்தானே சம்பாதிக்கிறது?

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

பதில்: 2024 கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டம்: பெண்களுக்கு சுமார் 1.89 கோடி பார்வையாளர்கள், ஆண்களுக்கு 1.48 கோடி.

கேள்வி: மகளுக்கு முழங்காலில் காயம், என்ன பயிற்சி?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: புகார் சொன்னால் பயிற்சியாளர் பழிவாங்குவாரோ?

பதில்: அதுவும் சட்டமீறல்தான், 2005இல் உச்ச நீதிமன்றம் ஜாக்சன் வழக்கில் சொல்லிவிட்டது. வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். கல்லூரியின் டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளருக்குத் தேதியுடன் எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அணிப் பட்டியலையும் சேர்த்து வாங்குங்கள், யாரை எத்தனை முறை எண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.