கல்லீரல் காயமும் ஒளிரும் சாயமும்: கேள்வி பதில்

காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒளிரும் சாயங்களோடு பல வருடமாக வேலை பார்க்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

தேவகோட்டை, பிளஸ் டூ மாணவி: ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை எப்படிப் படம் பிடிக்கிறீர்கள் சார்?

செல் மூச்சுவிடும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை கொஞ்சம் உண்டாகும். செல்லிலேயே இருக்கும் குளூட்டாதயோன் என்ற காவல் மூலக்கூறு அவற்றை அடக்கிவிடும். அடக்க முடியாமல் மிஞ்சிப்போனால், அதுதான் அழுத்தம். இந்த மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியாது, சீக்கிரம் மறைந்தும் விடும். அதனால் போரோனேட் என்ற போரான் சேர்ந்த பகுதியைப் பூட்டாகப் போட்ட சாயத்தை உள்ளே அனுப்புகிறோம். பூட்டு இருக்கும்வரை சாயம் மங்கிக் கிடக்கும். பெராக்சைடு வந்து பூட்டை அறுத்ததும் ஒளிரும்.

கானாடுகாத்தான், மருந்துக்கடைக்காரர்: பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்குமா?

பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம். அதற்கு மேல் போனால் வம்பு. மருந்தில் ஒரு சிறு பங்கை ஈரல் நாப்கி (NAPQI) என்ற நச்சாக மாற்றுகிறது. குளூட்டாதயோன் அதைப் பிடித்து வெளியேற்றும். குளூட்டாதயோன் தீர்ந்துவிட்டால், நச்சு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து பெராக்சைடு பெருகும். சாயம் போட்ட எலியின் ஈரலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

உங்கள் கடைக்கு வருபவர்களிடம் ஒன்றை அவசியம் சொல்லுங்கள். அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் நன்றாகவே இருப்பதுபோலத் தெரியலாம். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். தாமதமாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி: காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்போமே, அது கேட்கிறதா என்று இந்த வெளிச்சத்தில் பார்க்கலாமா தம்பி?

பார்க்கலாம் ஆச்சி, ஆனால் அந்த இலையே நம்மை ஏமாற்றும். ஏதாவது ஒரு பச்சிலையை ஸ்பிரிட்டில் கசக்கி வடிகட்டி, இருட்டறையில் கள்ளநோட்டுப் பார்க்கும் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். அது பச்சையத்தின் வேலை. எலித் தீவனத்தில் குதிரைமசால் இலை இருந்தாலே வயிறு முழுக்க இப்படி ஒளிரும், அதனால் தீவனத்தை மாற்றிவிட்டுத்தான் படம் எடுப்போம். ஈரலுக்கும் சொந்த ஒளி உண்டு, அதிலுள்ள வைட்டமின் ஏ கூட ஒளிரும். சாயம் போடாத ஈரலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எந்தப் படத்தையும் நான் நம்புவதில்லை.

அப்புறம், காமாலைக்குப் பித்தப்பைக் கல்லும் காரணமாக இருக்கலாம், வைரஸும் இருக்கலாம். முதலில் ரத்தம் பார்த்துவிடுங்கள் ஆச்சி.

காரைக்குடி, எம்.எஸ்சி. மாணவர்: ஆக்சிஜனேற்றமடைந்தால் பச்சையாக ஒளிரும் டிசிஎஃப் (DCF) சாயம் போட்ட செல்கள் எல்லாமே பச்சையாக ஒளிர்கின்றன, நல்லதுதானே?

இல்லை தம்பி. மைக்ராஸ்கோப்பின் நீல ஒளி பட்டாலே அந்தச் சாயம் ஆக்சிஜனேற்றமடையும். நீங்கள் ஃபோகஸ் தேடுகிற நேரத்திலேயே பச்சை ஏறிக்கொண்டிருக்கும். ஃபோகஸை ஓர் ஓரத்தில் சரிசெய்துகொண்டு, வெளிச்சம் படாத இடத்துக்கு நகர்ந்து ஒரே ஒரு படம் எடுங்கள். மருந்து கொடுக்காத செல்லிலும் அதே பச்சை வந்தால் அது விளக்கின் வேலை. இரும்பு இருந்தாலும் இந்தச் சாயம் ஒளிரும், ஆகவே பெராக்சைடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

புதுவயல், இல்லத்தரசி: ஸ்கேன் போல நமக்கும் இதைச் செய்வார்களா?

இந்தச் சாயங்கள் பெரும்பாலும் செல்லிலும் எலியிலும்தான் இருக்கின்றன. செல்போன் டார்ச்சில் விரலை வையுங்கள், சிவப்பு மட்டும் வெளியே வரும். மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் ஈரலுக்கு, சிவப்பையும் தாண்டிய அகச்சிவப்பு ஒளி வேண்டும். அப்படி ஒளிரும் இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் ஈரல் அறுவை சிகிச்சையில் மனிதர்களுக்கே பயன்படுகிறது. அதை ஈரல் எப்படிப் பிடித்துப் பித்தத்தில் தள்ளுகிறது என்று பார்க்கலாம், பெராக்சைடை அது காட்டாது.