கப்பலில் ஒரு நாள்: தோழியைத் தனியே விடலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கல்லூரித் தோழிகள், எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாசெல் வரை ரைன் நதியில் கப்பல் பயணம் போகிறோம். அதில் ஒரு நாள் கரையில் இறங்காமல் கப்பலிலேயே கழியும். அந்த நாளுக்கு ஒரு தோழி காலை முதல் இரவு வரை விளையாட்டு, ஒரே நிற உடையில் புகைப்படம் என்று அட்டவணை போட்டுவிட்டாள். இன்னொருத்தி தூங்கினால் போதும் என்கிறாள். எங்களில் ஒருத்திக்குக் கணவர் தவறி ஒன்பது மாதம்தான் ஆகிறது. சும்மா இருக்கும் நாளில் அவள் ஏதாவது மூலையில் உட்கார்ந்து அழுவாளோ என்று பயமாக இருக்கிறது. அவளைத் தனியே விடக்கூடாது என்று மற்ற நால்வரும் பேசி வைத்திருக்கிறோம். எல்லோரும் நிம்மதியாக இருக்க அந்த நாளை எப்படி அமைப்பது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் அட்டவணைச் சண்டை பெரிதாகத் தெரிந்தாலும், உங்களை எழுத வைத்தது அந்தத் தோழியைப் பற்றிய பயம்தான் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் அவரைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

அவரைக் காவல் காக்காதீர்கள்.

என் அம்மா இறந்த சில மாதங்களில் நானும் தோழிகளோடு ஒரு நதிப் பயணம் போனேன். அவர்களும் இப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். நான் எழுந்தால் ஒருத்தி எழுவாள். ஜன்னல் பக்கம் திரும்பினால் இன்னொருத்தி ஏதாவது கதையை ஆரம்பிப்பாள். அன்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் மாலைக்குள் களைத்துப் போனேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒருத்தி மட்டும் மேல்தளத்தில் தன் நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கரையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து அம்மாவைப் பற்றி நானாகவே பேச ஆரம்பித்தேன்.

எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி சொல்லிவிட முடிகிறது. கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் வாய் தானாகத் திறக்கிறது. நதிப் பயணத்தில் அந்த வசதி நாள் முழுக்க உண்டு. கரை கைக்கெட்டும் தூரத்தில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். பேச்சு நின்றால் யாருக்கும் சங்கடம் இல்லை; பார்க்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

தனியே விட்டால் எங்கேயோ போய்விடுவார் என்ற கவலையும் வேண்டாம். நதிக் கப்பல் கடல் கப்பலைப் போலப் பிரம்மாண்டமானது அல்ல. ரைனில் ஓடும் பெரிய பயணக் கப்பல்களே 135 மீட்டர் நீளம், பதினொன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவான அகலம்தான். 1992-இல் திறக்கப்பட்ட ரைன்–மைன்–டான்யூப் கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகள் 12 மீட்டர்தான் அகலம். அதற்குள் நுழைய வேண்டும் என்றே கப்பலை இந்த அளவில் கட்டுகிறார்கள். முன்பக்கத்தில் ஒரு கூடம், ஒரு சாப்பாட்டு அறை, மேலே திறந்த தளம், மற்றதெல்லாம் தூங்கும் அறைகள். யாரையும் ஐந்து நிமிடத்தில் தேடிப் பிடித்துவிடலாம். அழுதால் அழட்டுமே. ஒன்பது மாதமாக வீட்டில் யாருக்கும் தெரியாமல் அழுதவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு அழுதால் அந்த நாள் கெட்டுப்போனதாக ஆகாது.

இனி அட்டவணை. அதைப் போட்ட தோழியைக் கோபிக்காதீர்கள், நாள் வெறுமையாகப் போய்விடக்கூடாதே என்ற ஆசை அவருக்கு. ஆனால் ஐந்து பேருக்கும் பொதுவாக இரண்டு வேளைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கப்பல் ரைன் பள்ளத்தாக்கில் ஓடும் நேரத்தில் (அதைக் கீழே சொல்கிறேன்) ஒரு பகுதி, பிறகு இரவுச் சாப்பாடு. புகைப்படமும் அந்த முதல் வேளையிலேயே முடியட்டும். மீதி நேரம் யாருக்கு என்ன தோன்றுகிறதோ அது. தூங்குகிறவரை எழுப்பக்கூடாது, எங்கே போயிருந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது.

அந்த முதல் வேளைக்கு ஒரு யோசனை. உங்கள் பயணத்தில் பகல் முழுக்கக் கப்பலில் இருக்கும் நாள் என்றால் அது பெரும்பாலும் ஜெர்மனியில் கோப்லென்ஸ் ஊரிலிருந்து பிங்கென் ஊர் வரையான பள்ளத்தாக்கைக் கடக்கும் நாளாக இருக்கும். சுமார் 65 கிலோமீட்டர். 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். நீங்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கிப் போகிறீர்கள், அதனால் கப்பல் இன்னும் நிதானமாகத்தான் போகும். இரு கரையிலும் திராட்சைத் தோட்டச் சரிவுகள், மலைமேல் ஒன்று மாற்றி ஒன்றாகக் கோட்டைகள், அடியில் ரயில் பாதை. கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் பாலமே கிடையாது. வண்டிகளை ஏற்றிக்கொண்டு படகுகள்தான் குறுக்கே போய்வரும்.

கரையோரத்தில் வெள்ளைப் பலகைகளில் பெரிய எண்கள் தெரியும். ஆற்றின் மேல்பக்கத்தில் உள்ள கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்திலிருந்து எண்ணிய கிலோமீட்டர்கள் அவை. நீங்கள் போகும் திசையில் எண் குறைந்துகொண்டே வரும்: கோப்லென்ஸில் 592-ஐ ஒட்டி, லோரெலை பாறை அருகே 554, காவுப் ஊரில் 546. லோரெலை 132 மீட்டர் உயரமுள்ள பாறை. ஆறு குறுகி வளையும் அந்த இடத்தில் எதிரே வரும் கப்பல்களுக்காக விளக்கு சிக்னல்கள் வைத்திருக்கிறார்கள். காவுப்பில் ஆற்றின் நடுவிலேயே ஒரு கோட்டை நிற்கும், அந்தக் காலத்தில் படகுகளிடம் சுங்கம் வாங்கக் கட்டியது. அட்டவணைத் தோழியிடம் இந்த எண்களைக் கொடுத்துவிடுங்கள். 560 வந்ததும் எல்லோரையும் மேல்தளத்துக்கு அழைப்பது அவர் பொறுப்பு. அவர் மனமும் நிறையும்.

மேலே போகும்போது வெயிலாக இருந்தாலும் ஒரு மேலாடை கொண்டு போங்கள். கப்பல் ஓடும்போது காற்று குளிரும். அந்தக் குளிர்ச்சியில் வெயில் சுடுவதே தெரியாமல் முகம் கருகிவிடும். தொப்பி பறக்கும், கயிறு உள்ளதாக எடுங்கள்.

இன்னொன்று, முன்பதிவிலேயே கவனிக்க வேண்டியது. துக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கம் லேசாகத்தான் இருக்கும். கப்பலின் பின்பகுதி அறைகளில் இயந்திர அதிர்வு அதிகம், அங்கே வேண்டாம். பாசெலை நெருங்கும் கடைசிப் பகுதியில் கப்பல் நீர்த்தொட்டிகளில் ஏறி ஏறிப் போகும். இராத்திரியில் சுவரில் உரசும் சத்தம் கேட்கலாம், ஜன்னலுக்கு வெளியே ஈரச் சுவர் மட்டும் தெரியலாம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயப்பட மாட்டார். அறையை யாரோடாவது பகிர்ந்துகொள்வாரா, தனி அறை வேண்டுமா என்பதை நீங்கள் நால்வரும் முடிவு செய்யாதீர்கள்.

இன்று மாலையே அவருக்கு நீங்கள் ஒருவர் மட்டும் ஃபோன் செய்யுங்கள். "அந்த நாளில் எந்த நேரம் எங்களோடு இருக்கணும்னு உனக்குத் தோணுது, எந்த நேரம் தனியா விடணும்?" என்று நேராகக் கேளுங்கள். உடனே பதில் வராது. அதுவரை நீங்களாக எதையும் சொல்லி நிரப்பாமல் காத்திருங்கள்.