வெஸ்ட் இண்டீஸோட முதல் கறுப்பின கேப்டன் ஹெட்லியா, வொரெலா?

ரெண்டு பேரையும் சொல்றாங்களே எது சரினு கேட்டிருக்கீங்க. ரெண்டும் சரிதான், ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஜார்ஜ் ஹெட்லி 1948ல பார்படாஸ்ல இங்கிலாந்துக்கு எதிரா ஒரே ஒரு டெஸ்ட்டுக்குத்தான் கேப்டன். ஃபிராங்க் வொரெல்தான் முழு சீரிஸுக்கும் கேப்டனான முதல் கறுப்பினத்தவர், அதுவும் 1960-61ல.

டீம் 1928லயே டெஸ்ட் ஆட வந்தாச்சு, ரன் அடிக்கிறதும் விக்கெட் எடுக்கறதும் பெரும்பாலும் கறுப்பின பிளேயர்ஸ், ஆனா கேப்டன்னா மட்டும் வெள்ளைக்காரர்தான், தீவுகள்ல இருந்த பழைய காலனி புத்தி அப்படி. இத மாத்தணும்னு டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகைல விடாம எழுதி சண்டை போட்டாரு.

கேப்டனா வொரெலோட முதல் டெஸ்ட்டே ஆஸ்திரேலியாவுக்கு எதிரா பிரிஸ்பேன்ல. கடைசி ஓவர், அப்போ ஆஸ்திரேலியால ஓவருக்கு எட்டு பால், ஆஸ்திரேலியாவுக்கு ஜெயிக்க 6 ரன் வேணும், கைல மூணு விக்கெட். வெஸ் ஹால் போட்ட அந்த ஓவர்ல மூணும் போச்சு, கடைசி விக்கெட் ஜோ சாலமன் சைடுல இருந்து ஒத்த ஸ்டம்ப்ப குறி வெச்சு அடிச்ச ரன் அவுட். ரெண்டு டீமும் சம ரன், டெஸ்ட் வரலாற்றுலயே முதல் டை! சீரிஸ் 2-1னு தோத்தாங்க, ஆனாலும் மெல்போர்ன்ல ஊரே தெருவுக்கு வந்து வழியனுப்புச்சு.

நம்மூரு கனெக்ஷனும் இருக்கு. 1962ல பார்படாஸ்ல அப்போதைய இந்திய கேப்டன் நரி கான்ட்ராக்டருக்கு பால் பட்டு மண்டை உடைஞ்சப்போ ரத்தம் குடுத்தவங்கள்ல வொரெலும் ஒருத்தர், எதிரணி கேப்டன்ங்க அவரு! கொல்கத்தால இன்னிக்கும் அவர் பேர்ல பிப்ரவரி 3 ரத்ததான முகாம் நடக்குது.