முதல் மூன்று வரிகள் எங்கும் போகவில்லை

வணக்கம். எக்செலில் தலைப்பை நிலைநிறுத்திய பிறகு முதல் மூன்று வரிகள் காணவில்லை, ‘அன்ஹைட்’ கொடுத்தும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு அழிந்துவிடவில்லை, பயப்படாதீர்கள். அவை மறைக்கப்பட்ட வரிகளும் அல்ல. அதனால்தான் ‘அன்ஹைட்’ பலிக்கவில்லை.

நான்காவது வரி திரையின் உச்சியில் இருக்கும்படி உருட்டிவிட்டு தலைப்பை நிலைநிறுத்தும் ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ கட்டளையைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் திரைக்கு மேலே போயிருந்த வரிகள் அப்படியே சிறைப்பட்டுவிடும். எவ்வளவு உருட்டினாலும் எட்டாது. நானும் ஒருமுறை இதே குழியில் விழுந்து, பாதிக் கணக்கை மறுபடி தட்டச்சு செய்தவன்தான்.

‘வியூ’ பட்டியில் ‘அன்ஃப்ரீஸ் பேன்ஸ்’ கொடுங்கள். அதன் பிறகே கன்ட்ரோலுடன் ஹோம் விசையை அழுத்துங்கள். முந்தினால், நிலைநிறுத்தாத பகுதியின் தொடக்கத்துக்குத்தான் போகும். இப்போது பி5 கட்டத்தைச் சொடுக்கி மீண்டும் ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’. சொடுக்கிய கட்டத்துக்கு மேலுள்ள வரிகளும் இடப்பக்கத்து நெடுவரிசையும் நிலைத்து நிற்கும்.

சிறிய மடிக்கணினியில் நான்கு வரிகள் நிரந்தரமாக இடம் பிடிப்பது தொல்லைதான். கன்ட்ரோலை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டி, காட்சி அளவை 80 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள்.

இப்படி நிலைநிறுத்துவது திரைக்கு மட்டும். அச்சில் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வர வேண்டுமென்றால் ‘பேஜ் லேஅவுட்’டில் உள்ள ‘பிரின்ட் டைட்டில்ஸ்’ வேண்டும்.