வாசகர் கேள்வி – பதில்: பிள்ளையின் சிகிச்சையும் வீட்டுச் செலவும்

கேள்வி: என் 6 வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய் (லியூக்கேமியா). மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் மருந்து ஏற்றுகிறார்கள். நான் அவனோடு நிற்பதால் கொழுந்து வேலைக்குப் போவதில்லை, அவர் சம்பளம் மட்டும்தான். குழுக் கடன் எடுக்கலாமா? மூத்த மகளின் படிப்பை நிறுத்தச் சொல்கிறார் மாமியார்.
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: கடன் வேண்டாம் சகோதரி. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். உங்கள் காசு கரைவது பஸ்ஸிலும், வெளிச் சாப்பாட்டிலும், வேலைக்குப் போகாததால் விழாத பேரிலும் (நாட்சம்பளத்திலும்)தான். இந்தச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டு வரை இழுக்கும். வாராவாரம் கட்டும் கடன் அத்தனை காலம் தாங்காது.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து, புற்றுநோயாளருக்கான உதவிப் பணத்துக்கு எழுதிக் கொடுங்கள். மருந்தோ பரிசோதனையோ வெளியே எடுக்கச் சொன்னால், காசு கட்டுமுன் ஜனாதிபதி நிதியத்தைப் பற்றிக் கேளுங்கள். 2025 முதல் அந்த விண்ணப்பத்தையும் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் அடையாள அட்டை, சம்பளத் துண்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றிலும் 3 பிரதி எடுத்து வையுங்கள். தோட்டத்தில் பலருக்கு விண்ணப்பம் சிக்கிக்கொள்வது பெயரில்தான்: பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. அதை இப்போதே பாருங்கள்.

பஸ் செலவுக்கு ஒரு வழி: ஹட்டன் – கொழும்பு பஸ்ஸில் அவிசாவளையில் இறங்கி, ஹைலெவல் வீதியால் போகும் 122 பஸ்ஸில் ஏறினால் மகரகமவிலேயே இறங்கலாம். கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. இடையில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையை டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் எடுத்துக் காட்டலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். சம்மதித்தால் சில பயணம் மிஞ்சும்.

ஒரு காசை மட்டும் வேறு எதற்காகவும் தொடக்கூடாது: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே ஓட எடுத்து வைக்கும் காசு. மருந்து ஏற்றிய பிறகு, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அப்போது வரும் காய்ச்சல் சில மணித்தியாலத்தில் உயிரைக் கொண்டுபோகலாம். தெர்மோமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 38 பாகை (100.4 ஃபரனைட்) காட்டினால் விடியும் வரை பார்க்காதீர்கள். டிஸ்பென்சரி திறக்கும்வரை காத்திருந்துதான் பல பிள்ளைகளுக்கு முற்றிப்போகிறது. பரசிட்டமோல் கொடுத்துவிட்டுப் பார்ப்பதும் ஆபத்து, சூடு இறங்கும், கிருமி இறங்காது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது லயம் வரை ஏறாதென்றால் பெரிய பாதைக்கு இறக்க ஓட்டோக்காரர் ஒருவரிடம் இன்றைக்கே பேசி, அவருக்கான காசைத் தனியே முடிந்து வையுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தை, “பிள்ளைக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றுகிறார்கள்” என்பதாக இருக்கட்டும். கொப்பியையும் நீட்டுங்கள்.

மகளை நிறுத்தாதீர்கள். வகுப்பாசிரியரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லிவையுங்கள். பள்ளி விட்ட பிறகு வீட்டைப் பார்க்க மாமியாரே துணை நிற்கட்டும்.

கேள்வி: புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் என் மகளுக்கு முடி முளைத்துவிட்டது, ஓடி விளையாடுகிறாள். இன்னும் குளிசை வேண்டுமா? கிளினிக் போக ஒரு நாள் பேர் போகிறது.
– ஒரு தகப்பன், பண்டாரவளை

பதில்: வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சும் புற்று அணுக்களுக்குத்தான் இந்தக் குளிசை. பாதியில் விட்டால் நோய் திரும்பலாம், திரும்பினால் சிகிச்சை முன்னையதைவிடக் கடினம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவை இரத்த எண்ணிக்கை பார்த்துத்தான் கூட்டிக் குறைப்பார்கள், அதனால் கிளினிக்கையும் விட முடியாது. பஸ் காசு இல்லாத மாதம் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள், திகதிக்கு முன்பே வார்ட்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அம்மை போட்ட வீட்டுக்கு மகளைக் கூட்டிப் போக வேண்டாம். தெரியாமல் போய்விட்டால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே டொக்டரிடம் சொல்லுங்கள்.