வாசகர் கேள்வி பதில்: ஆறு கழகங்களும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

இம்முறை வந்த கடிதங்களுள் பாதிக்கு மேல் உதைபந்தாட்டத்தைப் பற்றியவை. பணக்காரக் கழகங்களுக்கே அனுகூலமான சீர்திருத்தங்கள் குறித்து நம் பகுதித் தேநீர்க் கடைகளில் நடக்கும் வாக்குவாதம் என் மேசைக்கும் வந்துவிட்டபடியால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துள்ளேன்.

கேள்வி: நான் லிவர்பூல் ரசிகன். 2020ஆம் ஆண்டில் லிவர்பூலும் மன்செஸ்டர் யுனைட்டடும் முன்னின்று தயாரித்த, ஆங்கில உதைபந்தாட்ட லீக்குகளை மாற்றியமைக்கும் ‘புரொஜெக்ட் பிக் பிக்சர்’ திட்டத்தைப் பணக்காரரின் சதி என்று என் நண்பர்கள் இன்றும் ஏசுகிறார்கள். சிறிய கழகங்களுக்கு 250 மில்லியன் பவுண் கொடுக்க முன்வந்தது எப்படி ஐயா சதியாகும்? (கல்லடி வாசகர்)

பதில்: சதி என்ற சொல்லை விட்டுவிட்டால் உங்கள் நண்பர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பணம் வெறும் கண்துடைப்பு அன்று என்ற அளவில் நீங்கள் சொல்வதும் சரியே.

அந்த ஒக்டோபர் மாதத்தில் கொரோனாவினால் அரங்குகள் வெறுமையாகக் கிடந்தன. இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்குக்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளிலும் இருக்கும் 72 கழகங்களுள் பல, சனிக்கிழமை வாயிலில் சேரும் பணத்தை நம்பியே சம்பளம் கொடுப்பவை. 1885இல் தொடங்கிய பெரி என்னும் கழகம் பண நெருக்கடியால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டு அப்போது ஓராண்டுதான் கழிந்திருந்தது. அத்தகைய வேளையில் உடனடியாக 250 மில்லியன் பவுணும், இனி வரும் தொலைக்காட்சி வருமானத்தில் 25 சதவீதமும் தருவதாக ஒருவர் சொன்னால், கீழ்ப்பிரிவுக் கழகங்கள் செவிசாய்த்ததில் வியப்பில்லை. அவற்றின் லீக் தலைவர் ரிக் பரியே திட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தார். (அவர் முன்னர் லிவர்பூலின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் என்பதை உங்கள் நண்பர்கள் உங்களுக்கு நிச்சயம் நினைவூட்டியிருப்பார்கள்.)

இதற்குக் கேட்கப்பட்ட விலையில் பிரீமியர் லீக்கை 20 கழகங்களிலிருந்து 18 ஆகக் குறைப்பதும், நான்கு பிரிவுக் கழகங்களும் மோதும் லீக் கிண்ணப் போட்டியை நிறுத்துவதும் அடங்கின. இவை பேசித் தீர்க்கக்கூடிய விடயங்கள். 1992இல் 22 கழகங்களுடன் தொடங்கிய லீக் 1995இல் 20 ஆகக் குறைந்தபோது வானம் இடிந்து விழவில்லை. லீக் கிண்ணத்தை நிறுத்துவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நான்காம் பிரிவில் இருந்த பிராட்ஃபர்ட் சிட்டி 2013இல் அதன் இறுதிப்போட்டிவரை வந்தது அந்தக் கிண்ணம் இருந்ததனாலேயே.

உண்மையான விலை வாக்குரிமையில் இருந்தது. பிரீமியர் லீக்கில் ஒரு கழகத்துக்கு ஒரு வாக்கு. விதியொன்றை மாற்ற 20இல் 14 வாக்குகள் வேண்டும். புதிய திட்டமோ, தொடர்ச்சியாக அதிக காலம் லீக்கில் இருந்த ஒன்பது கழகங்களுக்குச் சிறப்பு வாக்குரிமை அளித்து, அவற்றுள் ஆறு இணங்கினால் முக்கியமான தீர்மானங்களை நிறைவேற்றலாம் என்றது. விரல் மடக்கி எண்ணிப் பாருங்கள்: ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மன்செஸ்டர் சிட்டி, மன்செஸ்டர் யுனைட்டட், டொட்டன்ஹம். கணக்கு முடிந்துவிட்டது. எவர்ட்டன், வெஸ்ட் ஹாம், சவுத்ஹம்டன் ஆகிய மூன்றுக்கும் நாற்காலி உண்டு. ஆனால் அவை வாயே திறக்காவிட்டாலும் காரியம் நடந்துவிடும். வேறொரு கழகத்தைப் புதியவர் வாங்குவதைத் தடுக்கும் அதிகாரமும் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது. அப்படியானால், இன்று தருவதாகச் சொன்ன 25 சதவீதத்தை நாளை 15 ஆக்குவதற்கும் அந்த ஆறு பேரின் மனம் மாறினால் போதும் என்றே நான் அதை வாசிக்கிறேன். கடன் பத்திரத்தில் கையொப்பமிட்ட பின்னர் வட்டி வீதத்தைக் கடன் கொடுத்தவரே விரும்பியபோது திருத்திக்கொள்ளலாம் என்றால் எவர் கையொப்பமிடுவார்?

திட்டம் அம்பலமாகி மூன்றே நாட்களில், 2020 ஒக்டோபர் 14 அன்று, இருபது கழகங்களும் அதனை நிராகரித்தன. தயாரித்த இரண்டும் அந்த இருபதுக்குள் அடக்கம்.

கேள்வி: பெரிய கழகங்கள் தனியே தொடங்க முயன்ற சுப்பர் லீக்கை எதிர்த்த ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஏஃபா, தனது சம்பியன்ஸ் லீக்கை விரிவாக்கி அதே பெரிய கழகங்களுக்குத்தானே வழிவிட்டிருக்கிறது? (கல்முனை வாசகர்)

பதில்: பாதி சரி. 2021 ஏப்ரல் 18 அன்று 12 கழகங்கள் அறிவித்த சுப்பர் லீக்கில் மொத்தம் 20 அணிகள். அவற்றுள் 15 எவ்வளவு மோசமாக ஆடினாலும் வெளியேற்றப்படாத நிரந்தர உறுப்பினர்கள். செல்சி ரசிகர்கள் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் அரங்கின் முன்னால் வீதியை மறித்து நின்ற ஏப்ரல் 20ஆம் திகதி இரவு முடிவதற்குள் ஆங்கிலக் கழகங்கள் ஆறும் விலகின.

ஆயினும் 36 அணிகளுக்கு விரிக்கப்பட்ட சம்பியன்ஸ் லீக்கில், பழைய சாதனைகளைக் காட்டி இரண்டு கழகங்கள் உள்ளே வரலாம் என்று யூஏஃபாவும் முதலில் திட்டமிட்டிருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2022 மே மாதத்தில் அது கைவிடப்பட்டு, முந்தைய பருவத்தில் ஐரோப்பியப் போட்டிகளில் சிறப்பாக ஆடிய இரண்டு நாடுகளின் லீக்குகளுக்கு அந்த இடங்கள் கொடுக்கப்பட்டன. முதலாண்டில் அவை இத்தாலிக்கும் ஜேர்மனிக்கும், அடுத்த ஆண்டில் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போயின. பணம் உள்ள இடத்துக்கே இடமும் போகிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். இருந்தாலும் இத்தாலிக்குக் கிடைத்த அந்த மேலதிக இடத்தால் உள்ளே வந்தது மிலானோ யுவென்டசோ அன்று, 1964இற்குப் பின் அந்தப் பக்கமே எட்டிப் பாராத பொலோனியா. லீக்கில் ஆடிப் பெற்ற ஐந்தாம் இடமும் பெயருக்காகக் கிடைக்கும் இடமும் ஒன்றல்ல.

கேள்வி: அவர்களுடைய பணச் சண்டையில் மட்டக்களப்பில் இருக்கும் நமக்கு என்ன வேலை? (ஆரையம்பதி வாசகி)

பதில்: சண்டையே நம்மைப் பற்றியதுதான், அம்மா. நள்ளிரவு 12.30க்கோ 1.30க்கோ தொடங்கும் ஆட்டத்தை, வீட்டார் விழித்துவிடாமல் ஒலியை அடைத்து, தலையணையில் சாய்த்த கைப்பேசியில் பார்க்கும் பிள்ளைகளுக்காகத்தான் வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமை விற்கப்படுகிறது. அந்தப் பணத்தைப் பிரீமியர் லீக் நெடுங்காலமாக 20 கழகங்களுக்கும் சமமாகவே பங்கிட்டது. ஆசியாவில் மக்கள் தங்களைத்தான் பார்க்கிறார்கள், ஆகவே கூடுதல் பங்கு வேண்டும் என்று பெரிய கழகங்கள் வற்புறுத்தியதன் விளைவாக, 2019-20 பருவத்திலிருந்து அந்த வருமானத்தில் அதிகரிக்கும் பகுதி மட்டும் தரவரிசைப்படி பங்கிடப்படுகிறது.

அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. மட்டக்களப்பு நகரக் கடைகளில் பேர்ன்லி போன்ற சிறிய கழகத்தின் ஜேர்சி தொங்கி நான் கண்டதில்லை. ஆனால் 2016இல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கை வென்றபோது, அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்றே தெரியாத எங்கள் தெருக்காரர்கள் அவர்களுக்காகக் கைதட்டினார்கள். பெரிய கழகம் எப்போதும் வெல்லும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நள்ளிரவில் கண்விழிக்க ஆளிருக்காது.

கேள்வி: ரசிகர்களின் சத்தத்துக்குச் சட்டத்தில் இடமுண்டா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: ஜேர்மனியில் உண்டு. அங்கே கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஓரிரு விதிவிலக்குகள் இருக்கின்றன. சுப்பர் லீக்கின் பன்னிரண்டில் ஒரு ஜேர்மன் கழகமும் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். பிரித்தானிய நாடாளுமன்றம் 2025இல் இயற்றிய சட்டம் ஆங்கில உதைபந்தாட்டத்துக்கெனச் சுயாதீன ஒழுங்குபடுத்துநரை நியமிக்க வழிசெய்தது. அது என்ன சாதிக்கிறது என்பதை இனித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிக்குக் கிண்ணமும் பரிசுப் பணமும் தரும் கழகம், தன் அணியை நேரடியாக அரையிறுதியில் சேர்க்கும்படி கேட்கிறது. மறுத்தால் போட்டியே நடவாது. என்ன செய்யலாம்? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: படுவான்கரை ஊரொன்றில் சிறுவனாக நான் பந்துக்குக் காற்றடிக்கும் வேலையில் இருந்த காலத்தில் இதே கதை நடந்தது. உமிச் சாம்பலால் கோடு போட்ட மைதானம், எட்டுக் கழகங்கள், சித்திரைப் புத்தாண்டுக் கிண்ணம். செலவை ஏற்ற கழகம், சீ.ஆர். என்னும் தடித்த அட்டைக் கொப்பியில் இரண்டு வரிகளை எழுதுவித்தது: தங்கள் அணி அரையிறுதியிலிருந்து ஆடும், விதிகளை மாற்றத் தங்கள் செயலாளரின் கையொப்பம் வேண்டும். முதலாம் ஆண்டில் எவரும் முறையிடவில்லை. கம்பங்களுக்கு முதன்முறையாக வலை கட்டப்பட்டிருந்தது. பந்து உள்ளே போனதா, பக்கத்தால் போனதா என்ற அடிதடி அத்துடன் ஒழிந்தது. முதல் வரியால் பெரிய கெடுதி நேரவுமில்லை, அந்த அணி இரண்டு முறை அரையிறுதியிலேயே தோற்றது. மூன்றாம் ஆண்டில் அவர்கள் வெளியூரிலிருந்து ஐந்து ஆட்டக்காரரைக் கொண்டுவந்தபோது, இருவருக்கு மேல் கூடாதென விதி செய்ய ஏனைய ஏழு கழகங்களும் ஒருமித்துக் கேட்டன. செயலாளர் கையொப்பமிடவில்லை. அடுத்த ஆண்டு மூன்று கழகங்களே வந்தன.

ஆகவே அரையிறுதியைப் பற்றி அதிகம் மல்லுக்கட்டாதீர்கள். செலவு செய்பவருக்குப் பதாகையில் பெரிய எழுத்தில் பெயர் போடலாம். நேரடி இடத்தைக் கடந்த ஆண்டுச் சம்பியனுக்கு, அது எந்த அணியாயினும், கொடுக்கலாம் என்று முதலில் பேசிப் பாருங்கள். அதற்கும் இணங்காவிட்டால் இவ்வாண்டுக்கு மட்டும் என்று திகதியிட்டு எழுதி அரையிறுதியைக் கொடுத்துவிடுங்கள். கையொப்பம் பற்றிய வரி வந்தால் மட்டும் கொப்பியை மூடி வையுங்கள். வலை இல்லாமலும் ஓராண்டு ஆடலாம்.