நெல் வயலில் இருக்கும் சிலந்திகளை வயலிலேயே அடையாளம் காண முடியுமா?

பேரின (நெருங்கிய இனங்களின் குழு) அளவுக்கு முடியும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆண், பெண், குஞ்சு என்று மாறும். பயிரில் எந்த இடத்தில் இருந்தது, வலை உண்டா என்பதே முதல் கேள்வி. கையில் 10 மடங்கு லென்சும் ஒரு கண்ணாடிக் குப்பியும் போதும்.

தூரை விலக்கியதும் தண்ணீர்மேல் ஓடும் பழுப்புச் சிலந்தி பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்தி (பர்டோசா சூடோஅன்னுலாட்டா). வலை பின்னாது. தலைமார்பின் மேல் கவட்டை வடிவில் வெளிர்க் குறி. கண்கள் முன்வரிசையில் சிறிதாக நான்கு, அதற்கு மேல் பெரிதாக இரண்டு, பின்னால் இரண்டு. பெண் முட்டைப்பையை வயிற்றின் நுனியில் ஒட்டவைத்து இழுத்துப் போகும், பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமக்கும்.

அதிகம் தவறு நடப்பது குள்ளச் சிலந்தியில் (அட்டிபெனா). முழு வளர்ச்சியிலும் 1 முதல் 3 மி.மீ. தான். அதே தூரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருப்பதால் ஓநாய்ச் சிலந்தியின் குஞ்சு என்று ஒதுக்கிவிடுவார்கள். லென்சில் கண்களைப் பாருங்கள்: ஓநாய்க் குஞ்சுக்கு இரண்டு கண் பெரிதாகத் தெரியும், குள்ளச் சிலந்திக்கு எல்லாமே சிறியவை. ஓட்டமும் மெதுவானது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் குஞ்சுகளைத் தின்பதில் இதற்குப் பெரிய பங்குண்டு.

மேல் இலைகளில் தாவித் திரிவது லின்க்ஸ் சிலந்தி (ஆக்ஸியோபஸ்). கால்களில் முள் முள்ளாக நிற்கும்; வயிறு பின்னால் கூரும், பெண்ணின் வயிற்றுப் பக்கவாட்டில் வெள்ளைச் சாய்கோடுகள். இலையோடு இலையாகக் காலை நீட்டிப் படுத்திருப்பது டெட்ராக்னாதா என்ற சிலந்தி. தாடை மிக நீளம். பகலில் அசையாமல் கிடப்பதால் எண்ணிக்கையில் விட்டுப்போகும். பனி காயுமுன் போனால் வலையாவது தெரியும்.

இனம் வரை போகவேண்டுமானால் முதிர்ந்த சிலந்தி வேண்டும். முகத்தருகே குட்டிக் கால்போல உள்ள உறுப்பின் (பெடிபால்ப்) முனை உப்பியிருந்தால் முதிர்ந்த ஆண். 70–80 சதவீத எத்தனாலில் போட்டு, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

மருந்தடிப்பதை முடிவுசெய்யத்தான் என்றால் இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. புகையானுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வரம்பு, சிலந்தி இல்லாதபோது தூருக்கு (ஒரு தண்டுக்கு) 1 பூச்சி; குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட தண்டுகளின் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2. அதற்குக் குத்தின் அடியைத்தான் எண்ணவேண்டும், மேலே தெரியும் வலைகளை அல்ல.